அறுபத்தேழு நிமிஷ மாப்பிள்ளை

“எல்லாம் பொருந்தி வருதுங்க. தூரந்தான் ஒண்ணு கொஞ்சம் இடிக்குது” என்றார் ஆறுச்சாமிக் கவுண்டர்.

அவர் பெண்ணின் தகப்பனார். இடம், சேலத்துக்கு இரண்டு மைல் தள்ளி இருந்த அவருடைய தோட்டத்து வீடு. கோயமுத்தூரை ஒட்டிய கணபதியிலிருந்து தாயார் முத்தாத்தாளோடு பெண் பார்க்க வந்திருந்த நஞ்சுண்டன், வாயில் போட்ட ஒப்புட்டுப் போளியை மெல்லாமல் நிறுத்தினான்.

“தூரங் கெடக்குது உடுங்க. எனக்குத் தம்பியப் பாத்ததுமே...” என்று ஆரம்பித்தாள் பெண்ணின் தாயார் பழனாத்தாள்.

அந்த அம்மாளை முழுசாகப் பேச விட்டிருந்தால் அன்றைக்கே வெற்றிலைபாக்கு மாற்றியிருப்பார்கள். எனக்கும் இந்தக் கதையைச் சொல்லும் வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து நஞ்சுண்டன் நாக்கில் சனி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

“தூரமெல்லாம் அந்தக் காலமுங்க மாமா! ரயில்லதான் அரை நாளு. ஏரோப்ளேன்ல வந்தாத் தொண்ணூத்திரண்டே மைல். ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா இன்னும் அஞ்சு நிமிஷம். அங்க இட்லிய ஊத்தி வெச்சுட்டுக் கெளம்புனா இங்க வந்து சட்னி அரைக்கலாமுங்க!”

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. குழந்தையம்மாள் என்ற அந்தப் பெண்தான். சற்று முன் காப்பி கொண்டுவந்து வைத்தபோது அவள் நிமிர்ந்து ஒரே ஒரு தரம் பார்த்திருந்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அந்தப் பார்வையிலேயே நஞ்சுண்டன் முடிவு கட்டியிருந்தான்.

“மேல போறப்ப உழுந்துட்டா என்ன பண்றதுங் தம்பி?” என்று கேட்டாள் பழனாத்தாள். முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

“எனக்கெல்லாம் பயம்னா என்னன்னே தெரியாதுங்க அத்தை” என்றான் நஞ்சுண்டன்.

முத்தாத்தாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அன்று காலையில்தான் ரயில் காவேரிப் பாலத்தில் ஏறியபோது அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்திருந்தான். எட்டிப் பார்க்க வேண்டுமே என்று கிணற்றங்கரைப் பக்கமே போகாதவன். சுவரில் பல்லி கத்தினால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறவன். பருத்தி ஆலையில் குமாஸ்தாவாக இருந்து எட்டு வருஷமாகியும் இன்னும் எந்திரம் ஓடுகிற கூடத்துக்குள் கால் வைக்கவில்லை.

அப்படிப்பட்டவன் ஏன் இப்படிப் பேச வேண்டும்? காரணம் இருந்தது. போன மாதம் சேலத்துப் பக்கமிருந்து இரண்டு பேர் கணபதிக்கு வந்து, காப்பிக் கிளப்பில் உட்கார்ந்து அவனைப் பற்றித் துருவித் துருவி விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கிளப்பில் இருக்கிறவர்களைப் பற்றி நஞ்சுண்டனுக்குத் தெரியாதா? பல்லி, கிணறு எல்லாவற்றையும் கொட்டியிருப்பார்கள். நாற்பது ஏக்கர் தோட்டக்காரர் ஒரு பயந்தாங்கொள்ளிக்கா பெண்ணைக் கொடுப்பார்? அந்தப் பேரைத் துடைக்க வேண்டும் என்ற பயத்தில்தான் இந்த வீரம்.

“ரெண்டு நாள்ல யோசிச்சு எழுதறோமுங்க” என்று கும்பிட்டு அனுப்பினார் கவுண்டர். அவருடைய ஜட்காக்காரர் பஷீர் அவர்களை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார்.

இரண்டு நாள் பத்து நாளாயிற்று. பிறகு கடுதாசி வந்தது.

“க்ஷேமம். தூரத்தைப் பற்றித்தான் இன்னும் யோசனை. மாப்பிள்ளை ஏரோப்ளேனில் எல்லாம் ஏறுவது உண்டா, இல்லை சும்மா பேச்சுக்குச் சொன்னதா என்று வீட்டில் கேட்கச் சொல்கிறாள். உள்ளதை எழுதவும்.”

நஞ்சுண்டன் அதை நாலு தடவை படித்தான். காது சூடாயிற்று. “பாத்தியாம்மா! நான் தொடைநடுங்கின்னு காப்பிக் கிளப்புல சொல்லியிருக்கானுக. அதான் ஆழம் பாக்கறாங்க.”

“உள்ளதை எழுதச் சொல்லியிருக்குதில்ல கண்ணு? ‘சும்மா சொன்னதுங்க’ன்னு எழுதிப்போடு” என்றாள் முத்தாத்தாள்.

பெற்றவள் சொல்லைக் கேட்டிருக்கலாம். இவன் பேனாவை எடுத்து, “ஏரோப்ளேன் எனக்குக் கட்டை வண்டி மாதிரி. இந்தப் பக்கம் அடுத்தபடி எந்த ஏரோப்ளேன் வந்தாலும் அதில் ஏறி நேரே தங்கள் ஊரில் வந்து இறங்கி, எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தில் காட்டுகிறேன்” என்று எழுதித் தபாலிலும் போட்டுவிட்டான். கோயமுத்தூருக்கு ஏரோப்ளேன் எங்கே வரப்போகிறது என்ற தைரியம்தான்.

தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினால் எதிரே ரசாக் வந்தான். கோட்டைமேட்டுக்காரன், பெட்ரோல் டின் வியாபாரம், நஞ்சுண்டனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

“மாப்ளே, சங்கதி தெரியுமா? ராமுலுன்னு ஒருத்தர் ஏரோப்ளேன் ஓட்டிட்டு ஊர் ஊரா வாராரு. ஞாயித்துக்கெழமை சிங்காநல்லூருக்கு அக்கட்ட பொட்டக்காட்டுல எறங்கறாரு. பெட்ரோல் நம்மளதுதான்.”

நஞ்சுண்டன் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். “அங்கிருந்து... எங்க போறாரு?”

“திங்கக்கெழமை காலைல சேலம்.”

பெட்டிக்குள் கையை விட்டுக் கடுதாசியை எடுக்கப் பார்த்தான். மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. ரசாக்தான் எண்ணெய் தடவி எடுத்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு ஒரே குஷி.

“ஒரு சல்லிக்காசு வேண்டாம், நான் சொன்னா ராமுலு ஏத்திக்குவாரு. உனக்காக இதுகூடப் பண்ண மாட்டனா?”

“வேண்டாண்டா ரசாக்கு!”

“சும்மா கூச்சப்படாத மாப்ளே. திங்கக்கெழமை ஏழு மணிக்குக் கெளம்பறேன்னு உன் பேருல உன் மாமனாருக்கு நானே தந்தி அடிச்சுர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை பொட்டல்காட்டில் ஊரே கூடியிருந்தது. நஞ்சுண்டன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் ராமுலுவைத் தனியாகப் பிடித்தான். துணியும் குச்சியுமாக ஒட்டிச் செய்தது போன்ற அந்த வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

“சார், சேலம் நெம்பத் தூரமுங்க. உங்க வண்டி அவ்வளவு தூரம் தாங்காதுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதும்.”

ராமுலுவுக்குச் சுருக்கென்றது. “யாரைப் பாத்து என்ன சொல்றீங்க? ஒரு தடவை பெட்ரோல் ஊத்தினா முந்நூறு மைல் போகும். சேலம் எனக்கு மூக்குப்பொடி போடற நேரம்.”

“நான் கனம் ஜாஸ்திங்க. பாத்தாத் தெரியாது. எலும்பு கனம்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு! முன் சீட்டுக் காலியா இருந்தா மணல் மூட்டை வைக்கலாம்னு நினைச்சேன். இனி வேண்டாம்.”

“முன் சீட்டா? அப்ப நீங்க எங்க உக்காருவீங்க?”

“பின்னாடி.”

“எனக்கு முன்னாடி யாருமே இருக்க மாட்டாங்களா?”

“அதான் சார் விசேஷம். எல்லாம் நல்லாத் தெரியும்!”

நஞ்சுண்டன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

மனுஷன் கைவிட்டாலும் தெய்வம் இருக்கிறதே. அன்று சாயங்காலமே தாயாரை அழைத்துக்கொண்டு மாகாளியம்மன் கோயிலுக்குப் பூ கேட்கப் போனான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு, பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். நல்ல காரியமோ கெட்ட காரியமோ, இன்ன பூ வந்தால் இன்னது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அம்மன் உத்தரவை மீறி அந்தப் பக்கத்தில் யாரும் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட விற்றதில்லை.

சிவப்பு வந்தால் போகக் கூடாது என்று நஞ்சுண்டன் நினைத்துக்கொண்டான். அம்மனை அவன் சந்தேகப்படவில்லை. இருந்தாலும் ஒரு ஜாக்கிரதைக்காக இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்து மடித்துவிட்டான்.

பூசாரி ஒன்றைப் பிரித்தார். சிவப்பு.

“பாத்தியாம்மா...” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நஞ்சுண்டன் ஆரம்பிப்பதற்குள் முத்தாத்தாள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

“என் சாமி! செவப்பு வந்தா எம் மகனைத் தைரியமா அனுப்பி வெக்கறேன்னு நெனச்சுட்டு நின்னனே! அப்படியே குடுத்துட்டாளே மகராசி!”

“அம்மா, நான் நெனச்சது வேற!”

“ரெண்டு பேரு ரெண்டு விதமா நெனச்சா எப்படிங்க? மத்ததையும் பிரிச்சுப் பாத்துர்றேன்” என்று பூசாரி இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார். அதிலும் சிவப்பு. பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தா! வெள்ளைப் பூவு செவப்பா மாறிப்போச்சே!”

கோயிலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் விழுந்து கும்பிட்டார்கள். கணபதி நஞ்சுண்டனை வானத்தில் அனுப்புவதற்காக மாகாளியம்மன் பூவின் நிறத்தையே மாற்றினாள் என்ற செய்தி விளக்கு வைப்பதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. நான்தான் இரண்டிலும் சிவப்பை வைத்தேன் என்று இனி யாரிடம் சொல்வது? சொன்னால் ஊரார் சும்மா விடுவார்களா? அம்மன்தான் விடுவாளா? அந்தப் பயம் ஏரோப்ளேன் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை. பொட்டல்காட்டுக்கு வந்தபோது அவனுக்குக் கடைசியாக ஒரு வழி தோன்றியது.

“ஐயையோ, இன்னைக்குக் கெழக்க சூலமாச்சே! சேலம் கெழக்குத்தானே? திங்கக்கெழமை அந்தப் பக்கம் பயணம் போகவே கூடாதே!”

“அது எனக்குத் தெரியாதா கண்ணு?” என்று முத்தாத்தாள் தூக்குப்போசியைத் திறந்தாள். “கெழக்கச் சூலத்துக்குத் தயிர்தான் பரிகாரம். அதான் கையோட கொண்டாந்தேன். முழுசாக் குடி. தொண்ணூத்திரண்டு மைல் போறதுக்கு ஒரு வாய் பத்தாது.”

ஒரு படித் தயிர். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. குடித்தான்.

சரியாக ஏழு மணிக்கு ரசாக் கையசைத்தான். எஞ்சின் அலறியது. நஞ்சுண்டன், “எறக்கி உடுங்க! நான் வரலை!” என்று அதற்கு மேல் அலறினான். பின்னால் இருந்த ராமுலுவுக்கு அவன் வாய் அசைவதுகூடத் தெரியவில்லை. கீழே ஜனங்கள் கையைத் தட்டினார்கள். வண்டி குதித்துக் குதித்து ஓடியது. திடீரென்று குதிப்பது நின்றது. ஏன் நின்றது என்று எட்டிப் பார்த்த நஞ்சுண்டன், பூமி கீழே போவதைக் கண்டு அம்மா என்று கத்தினான்.

அப்புறம் அவன் பட்டபாடு எதிரிக்கும் வேண்டாம்.

முதல் பத்து நிமிஷம் உயிர் இருக்கிறதா என்பதே நிச்சயமில்லை. பதினைந்தாவது நிமிஷம் கண்ணைத் திறந்தான். கீழே அவிநாசிக் கோபுரம். “ஈஸ்வரா, என்னைத் தரையில சேர்த்துப்போடு, நூத்தியெட்டுத் தேங்கா ஒடைக்கறேன்” என்றான். வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. வானத்தில் எப்படிப் பள்ளம் வரும் என்று கேட்கக்கூட ஆளில்லை. வலது கைப் பக்கம் தூரத்தில் சென்னிமலை தெரிந்தது. “முருகா, மொட்டை போடறேன்.” நாற்பதாவது நிமிஷம் பவானிக் கூடுதுறை. ரயில் பாலத்திலிருந்து பார்க்கவே பயந்த காவேரி, இப்போது அரைமைல் ஆழத்தில் நாடா மாதிரி கிடந்தது. சூலத்துக்குக் குடித்த தயிர் அந்த இடத்தில்தான் சட்டையின் மேல் திரும்பி வந்தது. திருச்செங்கோட்டு மலை வந்தபோது அவன் வாய் பழக்கத்தில் மறுபடியும் மொட்டையை வேண்டியது. சென்னிமலைக்குக் கொடுத்த முடியை இங்கே எப்படிக் கொடுப்பது என்று பிறகுதான் உறைத்தது. சாமிக்கே கடன் சொல்கிறோமே என்று அது வேறு பயம். சங்ககிரி தாண்டியதும் வேண்டுவதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை. குழந்தையம்மாள் முகத்தை நினைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். இவள் கிடைப்பாள், கிடைப்பாள் என்று ஒவ்வொரு நிமிஷமாக எண்ணினான்.

கடைசியில் தடால் என்று ஒரு சத்தம். செத்துவிட்டோம் என்று நினைத்தான். கண்ணைத் திறந்தால் காய்ந்துபோன ஏரி. ஏரிக்கரை முழுக்க ஜனம். ஆறுச்சாமிக் கவுண்டர் கையில் கடிகாரத்தோடு ஓடி வந்துகொண்டிருந்தார்.

“ஏழு மணிக்குக் கெளம்பறதாத் தந்தி குடுத்திருந்தீங்க. இப்ப எட்டு மணி ஏழு நிமிஷம். அறுபத்தேழே நிமிஷமா!” அவருக்கு மூச்சு வாங்கியது.

நஞ்சுண்டன் கீழே இறங்கினான். றெக்கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ அதன் மேல் ஸ்டைலாகச் சாய்ந்திருப்பது போல நின்றான்.

“காத்து எதுக்கால அடிச்சுதுங்க மாமா. இல்லாட்டி இன்னும் ரெண்டு நிமிஷம் கொறைஞ்சிருக்கும்.”

“சட்டையில என்னங் தம்பி?” என்று கேட்டாள் பழனாத்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

“தயிருங்க அத்தை. வர்ற வழியில தாகமா இருந்துச்சு, குடிச்சேன். கொஞ்சம் சிந்திப்போச்சு.”

பழனாத்தாளின் பின்னால் குழந்தையம்மாள் நின்றாள். இத்தனை கூட்டத்தில், தாயாரைத் தாண்டி ஓரடி முன்னால் வந்து, அவனிடம் நேராகவே கேட்டாள்.

“உங்களுக்குப் பயமா இருக்கலீங்களா? கொஞ்சங்கூட?”

அவள் குரல் கெஞ்சுவது போல இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இந்த இடத்திலா தோற்பது? நஞ்சுண்டன் நெஞ்சை நிமிர்த்தினான்.

“பயமா? எனக்கா? துளிகூட இல்லீங்க. கல்யாணத்துக்கு அப்பறம் நானே ஓட்டக் கத்துக்கலாம்னு இருக்கறேன்.”

குழந்தையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பழனாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டாள். கவுண்டர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். கும்பிட்டார்.

“நெம்பச் சந்தோசமுங்க தம்பி. பெரிய ஆளுங்க நீங்க. அந்த மாதிரி ஆளுக்கு எங்க பொண்ணு பத்தாதுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.”

நஞ்சுண்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இளநீர்க் காயைக் கையில் வைத்தபடியே நின்றான். பேச வாயெடுப்பதற்குள் கவுண்டர் கரையேறிப் போய்விட்டார்.

“திரும்பிக் கோயமுத்தூருக்கு வரீங்களா சார்? நாளைக்கு அந்தப் பக்கம்தான் போறேன்” என்றார் ராமுலு.

“என்னைக் கொன்னாலும் வரமாட்டேன்!” என்று கத்திவிட்டு ஜட்காவில் ஏறினான் நஞ்சுண்டன்.

பஷீர் குதிரையைத் தட்டினார். வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்கியது. நஞ்சுண்டன் ஐயோ என்று இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டான். பஷீர் திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கம்பியை விடாமலே நஞ்சுண்டன் கேட்டான்.

“ஏனுங் பஷீர் பாய், எனக்கு ஒண்ணுமே புரியலீங்க. தூரம்னாங்க, தூரமில்லைன்னு காமிச்சேன். பயப்படுவனான்னு சோதிச்சாங்க, உசுரக் கையில புடிச்சுட்டு வந்து நின்னேன். இன்னும் என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?” சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பஷீர் சாட்டையைக் கீழே வைத்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார்.

“மூத்த மாப்பிள்ளை வெள்ளத்துல காவேரிய நீந்திக் காட்டறேன்னு குதிச்சுப் போய்ச் சேர்ந்ததுல இருந்து, ‘சின்னவளுக்காவது நல்ல பயந்தாங்கொள்ளியாப் பாருங்க’ன்னு அந்தம்மா அழுதழுது, நானும் கவுண்டரும் ஆறு மாசமா ஊரூராத் தேடித்தானுங் தம்பி கணபதி காப்பிக் கிளப்புல உங்களைக் கண்டுபுடிச்சோம்!”